போலி ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள்: அல்சூர் மெஸ்காரரின் கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு செட்டிநாடு மெஸ் நடத்துகிறோம். இரண்டு வாரத்துக்குள் கூகுள் மேப்ஸில் எங்கள் கடைக்கு வரிசையாக இருபது ஒரு ஸ்டார் ரிவ்யூ விழுந்திருக்கிறது. 'மீன் குழம்பில் புழு', 'சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தேன்' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் யாரும் கடைக்கு வந்தவர்களாகத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த கடை மேல் சந்தேகம். இதற்கிடையே ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்து, பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் இன்னும் ஐம்பது விழும் என்கிறான். ஸ்டேஷனுக்குப் போனால் 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூகுள் மேல் கேஸ் போடலாமா?

பதில்:

அந்த வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவனை பிளாக் செய்யவும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான சாட்சியம் அவன் அனுப்பிய அந்த மெசேஜ்தான்.

காரணம் இது. ஒருவர் பொய்யாக ரிவ்யூ எழுதினார் என்பது மட்டும் புகார் என்றால் அது அவதூறு. அவதூறுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. அந்த அளவில் ஸ்டேஷனில் சொன்னது சரிதான். ஆனால் 'பணம் கொடு, இல்லையென்றால் உன் பெயரைக் கெடுப்பேன்' என்பது மிரட்டிப் பணம் பறிப்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின், 308வது பிரிவு அதற்குத்தான். பணம் கைமாறியிருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை. பணம் கைமாறாமல், பறிப்பதற்காகப் பயமுறுத்தினாலே இரண்டு ஆண்டு வரை. ஒருவருடைய நற்பெயருக்கு வரும் கேடும் சட்டத்தின் பார்வையில் 'தீங்கு'தான், அடிதடி நடந்திருக்க வேண்டியதில்லை. இதில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். பதிந்தாக வேண்டும்.

அதனால் புகாரை மாற்றி எழுதுங்கள். ரிவ்யூக்களைப் பற்றி இரண்டு பக்கம் புலம்பிவிட்டு மெஸேஜைக் கடைசி வரியில் சொல்லாதீர்கள். முதல் பத்தியிலேயே மிரட்டலை வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, எவ்வளவு கேட்டான், எந்த யு.பி.ஐ. ஐ.டி. கொடுத்தான். பெங்களூருவில் சைபர் குற்றங்களுக்குத் தனி போலீஸ் ஸ்டேஷன்கள் உண்டு, அங்கே கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். அப்படியும் வாங்க மறுத்தால், புகாரைத் தபாலில் டி.சி.பி.க்கு, அதாவது துணை போலீஸ் கமிஷனருக்கு, அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173, 175 பிரிவுகளில் இந்த வழியைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: சில டைப்பிங் கடைகளில் இன்னும் ஐ.டி. சட்டம் 66ஏ என்று அடித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே ரத்து செய்துவிட்டது. வேறு யாருடைய பெயரையோ போட்டோவையோ திருடிப் போலிக் கணக்கு திறந்திருந்தால் 66சி, 66டி பொருந்தும்.

அடுத்தது சாட்சியம். இதில்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூகுள் மேப்ஸ் ரிவ்யூவில் தேதி இருக்காது. 'ஒரு வாரத்துக்கு முன்', 'மூன்று மாதத்துக்கு முன்' என்றுதான் காட்டும். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டுக்குப் போனால் எந்த நாளில் வந்தது என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. இன்றைக்கே ஒவ்வொரு ரிவ்யூவையும் தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதன் ஷேர் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள், புதிய ரிவ்யூ வந்ததாக கூகுள் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அப்புறம் அந்த ஆட்களின் ப்ரொஃபைலுக்குள் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் ஜெய்ப்பூரில் ஒரு பல் டாக்டருக்கும் கொச்சியில் ஒரு மெக்கானிக் கடைக்கும் உங்களுக்கும் எழுதியிருக்கிறாரா? உங்களைத் திட்டியவர்களெல்லாம் அந்தப் புதுக் கடைக்கு ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார்களா? இதையெல்லாம் திரையில் நகர்த்திக் காட்டி வீடியோவாகவும் பதிவு செய்யுங்கள். ப்ரொஃபைலை அவர்கள் ஒரே இரவில் பூட்டிவிட முடியும்.

இதைக் கோர்ட்டில் காட்ட வேண்டுமானால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னதேதான். இப்போது அதில் இரண்டு பாகங்கள்: முதல் பாகத்தில் நீங்கள் கையெழுத்து போட வேண்டும், இரண்டாவதில் ஒரு நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்ணையும், குறிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட்அவுட்டை நீட்டினால் எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையாக அதைத்தான் எழுப்பும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், பழைய 65பி பிரிவை வைத்து உறுதியாகச் சொல்லிவிட்டது.

'இவர் எங்கள் கஸ்டமர் இல்லை' என்று எப்படி நிரூபிப்பது? பில் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை என்பது போதாது. மெஸ்ஸில் யார் பெயர் கேட்டு பில் போடுகிறோம்? ரிவ்யூவுக்குள் இருக்கும் விவரத்தைப் பிடியுங்கள். ஞாயிறு இரவு சாப்பிட்டேன் என்கிறார், உங்களுக்கு ஞாயிறு இரவு விடுமுறை. நண்டு வறுவல் கெட்டுப்போயிருந்தது என்கிறார், உங்கள் மெனுவில் நண்டே கிடையாது. இப்படி ஒன்றிரண்டு கிடைத்தாலே கூகுளும் கேட்கும், நீதிபதியும் கேட்பார். அந்த நாட்களின் பில்லிங் மெஷின் ரிப்போர்ட், யு.பி.ஐ. வரவு, ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர் பட்டியல் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதை முதலில் எடுங்கள். புழு என்று எழுதியிருப்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், பெஸ்ட் கன்ட்ரோல் ரசீது, மீன் வாங்கிய பில் இவையும் வேண்டும்.

சரி, இப்போது ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரியுங்கள். 'சாம்பாரில் உப்பே இல்லை', 'இந்த விலைக்கு இது தேறாது', 'சர்வர் முகம் கொடுத்துப் பேசவில்லை' இதெல்லாம் அபிப்பிராயம். எழுதியவர் வராமலே எழுதியிருந்தாலும் இதை வைத்து அவதூறு வழக்கு நிற்பது கஷ்டம். 'குழம்பில் புழு கிடந்தது', 'இங்கே சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆகி அட்மிட் ஆனேன்' என்பது வேறு. அது நடந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். நடக்கவில்லை என்றால் பொய், அதுவும் ஒரு சாப்பாட்டுக் கடையின் உயிரையே குறிவைக்கும் பொய். சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் மேல் விழுகிறது. அதனால் இருபது ரிவ்யூவையும் சேர்த்து வழக்குப் போடுவதைவிட, இப்படிப்பட்ட நாலைந்தை மட்டும் எடுப்பதே நல்லது. மற்றவை கூட நின்றால் 'விமர்சனமே பிடிக்காத கடைக்காரர்' என்ற தோற்றம் வந்துவிடும்.

கோர்ட்டுக்கு முன் கூகுளிடமே கேளுங்கள். ஆனால் 'இது பொய்' என்று மட்டும் எழுதாதீர்கள். கடைக்காரருக்கும் கஸ்டமருக்கும் நடந்தது என்ன என்ற தகராறில் கூகுள் தலையிடுவதில்லை. அவர்கள் பார்ப்பது அவர்களுடைய விதிமீறலை: நேரில் வராத அனுபவம், போட்டியாளர் எழுதியது, கூலிக்கு எழுதியது, தாக்கிப் பேசுவது. உங்கள் பிசினஸ் ப்ரொஃபைலில் இருக்கும் ரிவ்யூ மேலாண்மைப் பக்கத்திலிருந்து புகார் செய்யுங்கள், நிராகரித்தால் ஒரு முறை அப்பீல் உண்டு, அந்த ஒரு வாய்ப்பில் ஆதாரத்தோடு பேசுங்கள்.

அதிலும் பலனில்லை என்றால் 2021ஆம் ஆண்டு ஐ.டி. விதிகளின்படி கூகுளின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும். அவருடைய முடிவு சரியில்லை என்றால் மத்திய அரசு அமைத்திருக்கும் குறை மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். எல்லாமே ஆன்லைனில்தான், டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. பல வக்கீல்களே கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. 2022 அக்டோபர் திருத்தத்தில், தடைசெய்யப்பட்ட உள்ளடக்கப் பட்டியலிலிருந்து 'அவதூறு' என்ற காரணத்தை எடுத்துவிட்டார்கள். எது அவதூறு என்று கோர்ட் தீர்மானிக்கட்டும் என்பது அரசின் விளக்கம். ஆகவே அந்தப் புகாரில் 'அவதூறு, அவதூறு' என்று எழுதினால் ஒரு வரிப் பதிலோடு மூடிவிட வாய்ப்பு அதிகம். 'ஆள்மாறாட்டம்', 'பொய் என்று தெரிந்தே பரப்பும் தவறான தகவல்' என்ற காரணங்கள் விதியில் இருக்கின்றன. அவற்றின் கீழ் எழுதுங்கள்.

கூகுள் மேல் கேஸ் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூகுளை வழக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் அதனிடம் நஷ்டஈடு கேட்பதற்காக அல்ல. ஐ.டி. சட்டம் 79வது பிரிவு, அடுத்தவர் எழுதியதற்குக் கூகுள் போன்ற இடைத்தளத்தைப் பொறுப்பாக்காமல் பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பு எப்போது போகும்? 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கோர்ட் உத்தரவோ அரசின் அறிவிப்போ கைக்குக் கிடைத்த பிறகும் எடுக்காவிட்டால்தான். வெறும் வக்கீல் நோட்டீஸ் போதாது. அந்த வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மனுக்களில் ஒன்று மவுத்ஷட் டாட் காம் என்ற மும்பை ரிவ்யூ தளம் போட்டது. யார் மிரட்டினாலும் ரிவ்யூவை நீக்கும் நிலை வந்தால் வாடிக்கையாளர் எதையுமே எழுத முடியாது என்பது அவர்களுடைய கவலை. கடைக்காரராக உங்களுக்கு இந்தத் தீர்ப்பு கசக்கும். ஆனால் கெட்டுப்போன உணவு பரிமாறிய ஒரு கடையும் இதே மாதிரி நோட்டீஸ் அனுப்பும் என்பதை யோசித்தால், அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

ஆக, நீங்கள் போட வேண்டியது சிவில் வழக்கு. இந்த ஊரில் கே.ஜி. ரோட்டிலும் மேயோ ஹாலிலும் இயங்கும் சிட்டி சிவில் கோர்ட்தான் இடம். உங்கள் பெயர் கெட்டது இங்கே என்பதால், எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் இங்கே வழக்குத் தொடுக்க சிவில் நடைமுறைச் சட்டம் 19வது பிரிவு இடம் கொடுக்கிறது. மெஸ் உங்கள் தனிச் சொத்து என்றால் வழக்கை மெஸ் பெயரில் போடாமல் 'இன்ன பெயரில் வியாபாரம் செய்யும் இன்னார்' என்று உங்கள் பெயரில் போடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதில் தடுக்கி மாதக்கணக்கில் நின்றுபோன வழக்குகள் உண்டு.

எழுதியவர் யாரென்றே தெரியாதே என்றால், பெயர் தெரியாத பிரதிவாதி மேலும் வழக்குப் போடலாம். வெளிநாட்டில் ஜான் டோ என்பார்கள், நம் கோர்ட்டுகளில் அசோக் குமார் என்ற பெயரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. ப்ரொஃபைல் பெயரையும் லிங்க்கையும் அடையாளமாகக் குறிப்பிட்டுவிட்டு, கூகுளை இன்னொரு பிரதிவாதியாகச் சேருங்கள். மேப்ஸை நடத்துவது அமெரிக்காவில் இருக்கும் கூகுள் எல்.எல்.சி. இந்தியக் கிளைக் கம்பெனியை மட்டும் சேர்த்தால் 'அது எங்கள் சேவை இல்லை' என்ற பதில்தான் வரும்.

வழக்கில் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது மூன்று. அந்தக் குறிப்பிட்ட லிங்க்குகளை நீக்க உத்தரவு. இனி இதே பொய்யை எழுதக் கூடாது என்ற தடை. அந்தக் கணக்குகளின் பதிவு விவரம், மின்னஞ்சல், போன் எண், ஐ.பி. முகவரி ஆகியவற்றைக் கோர்ட்டில் ஒப்படைக்க உத்தரவு. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், அதைவிட முக்கியம் அதைச் சீக்கிரம் கேட்பது. ஒரு கணக்கு மூடப்பட்டாலும், ஒரு பதிவு நீக்கப்பட்டாலும், 180 நாள் வரை விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு கேட்டால் கையை விரித்துவிடலாம். விவரத்தைப் பாதுகாக்கச் சொல்லி இப்போதே ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அந்த ஐ.பி. முகவரி பக்கத்துத் தெருக் கடையின் இணைப்பில் போய் நின்றால், அன்றைக்கு உங்கள் வழக்கே வேறு வழக்கு. அதுவரை அந்தக் கடைக்காரர் பெயரை எங்கேயும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட, எழுதிவிடாதீர்கள். சந்தேகத்தை மட்டும் வைத்து எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

இடைக்காலத் தடை முதல் நாளே கிடைத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். 2024 மார்ச்சில், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே எழுத்தைத் தடுக்கும் உத்தரவுகளைக் காரணம் எழுதாமல் கொடுக்கக் கூடாது என்று கடுமையாகச் சொன்னது. அது பத்திரிகைக் கட்டுரை பற்றியது, உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வழக்கிலும் அதைத்தான் எடுத்து வைப்பார். நண்டு வறுவல் மாதிரி ஒரு ஆதாரம் உங்களிடம் இருந்தால் அதைத் தாண்டலாம். 'மனம் புண்பட்டது' என்பதை மட்டும் நம்பிப் போனால் கஷ்டம். தமிழில் எழுதிய ரிவ்யூ என்றால் அசல் வரிகளை அப்படியே மனுவில் போட்டு, பக்கத்தில் மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

நஷ்டஈடு பற்றி என் நேர்மையான கருத்து: கேளுங்கள், ஆனால் பெரிய தொகை கேட்காதீர்கள். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம் ஏறும், வியாபாரம் இந்த ரிவ்யூவால்தான் குறைந்தது என்று கணக்கு காட்டவும் வேண்டும். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த வரிகள் மறைவது.

காலக்கெடு ஒரு வருடம். வழக்கு ஒரு வருடத்துக்குள் கோர்ட்டில் பதிவாக வேண்டும். அந்த ஒரு வருடம் ரிவ்யூ வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. 'இன்னும் இணையத்தில் தெரிகிறதே, தினமும் புதிதாகத்தானே வெளியாகிறது' என்ற வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2013ல் காவர் பட் வழக்கில் ஏற்கவில்லை.

குற்றவியல் அவதூறு, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவு, இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அபராதம் அல்லது சமூக சேவை. எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே தனிப் புகார் கொடுக்க வேண்டும், புதிய நடைமுறைப்படி குற்றம்சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் அவர் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது, ஆள் யாரென்றே தெரியாதபோது யாரைக் கேட்பது? நல்லெண்ணத்தோடு பொது நலனுக்காகச் சொன்னேன் என்ற விதிவிலக்குகளும் பல இருக்கின்றன. கூகுளிடமிருந்து ஆள் விவரம் வந்த பிறகு, அது திட்டமிட்ட வேலை என்று தெரிந்தால், அப்போது யோசிக்கலாம். நுகர்வோர் கோர்ட் உங்களுக்குப் பயன்படாது, இந்த விஷயத்தில் நீங்கள் நுகர்வோர் இல்லை.

ஒரு வேண்டுகோள். இருபதில் ஒன்றிரண்டு உண்மையான கஸ்டமர் எழுதியதாக இருக்கலாம். அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். பதில் பகுதியில் மரியாதையாக, 'அன்று வந்த பில்லையோ நேரத்தையோ தெரிவித்தால் பார்த்துச் சரிசெய்கிறோம்' என்று எழுதுங்கள். போலி ஆளுக்கும் இதையே எழுதுங்கள். அவரிடமிருந்து பதில் வராது, அந்த மௌனமும் பின்னால் உதவும். இன்னொன்று, சொந்தக்காரர்களையும் ஏஜென்சியையும் வைத்து ஐந்து ஸ்டார் நிரப்பி ஈடுகட்ட நினைக்க வேண்டாம். அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமாகவே பார்க்கப்படலாம், அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தடை கேட்டு வருபவர் சுத்தமான கையோடு வர வேண்டும் என்று கோர்ட்டும் எதிர்பார்க்கிறது.

உத்தரவு கிடைத்துவிட்டால் அதன் சான்றளிக்கப்பட்ட நகலை, லிங்க்குகள் ஒவ்வொன்றும் உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, கூகுளின் சட்டக் கோரிக்கைப் படிவம் வழியாகவும் குறைதீர்ப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். 'வாதியைப் பற்றிய எல்லா அவதூறும்' என்று பொதுவாக இருந்தால் எதை நீக்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதிலேயே வாரங்கள் போய்விடும். அதே ஆள் வேறு கணக்கில் அதே வாசகத்தை மறுபடி போட்டால் அந்தப் புதிய லிங்க்கையும் சேர்த்துக்கொள்ளத் தனி வழக்கு வேண்டாம், அதே வழக்கில் மனு போட்டால் போதும் என்ற அனுமதியை உத்தரவிலேயே கேட்டு வாங்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் சொல்லிவையுங்கள்.